கிளாஸ் விழ ஆறு கட்டம்

பதினொரு வினாடி என்று எழுதியிருக்கிறது டப்பாமேல்.
யார் எண்ணியது?

எட்டு மில்லிமீட்டர் சுருள். ஊட்டி மார்க்கெட் வாசல்,
எழுபத்து மூன்று மார்கழி, காலை ஏழரை.
தோட்டத் தொழிலாளர் ஊர்வலம். முன்னால் அருளாந்து,
கம்பளிக் கோட்டு, கையில் சுருட்டிய மனு.
எடுத்தவர் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர்,
தகரக் கூரைமேல் உறைபனி ஆவியாவதை எடுக்க வந்தவர்.

இருபத்திரண்டு வருஷம் ஃபிலிம் ஃபாக்டரி
இருட்டறையில் வேலை பார்த்தவள் நான்.
பூச்சு எந்தப் பக்கம் என்று விரல் நுனி சொல்லிவிடும்.
வெளிச்சத்தில் பார்க்கச் சொன்னால்தான் தடுமாற்றம்.

ஐம்பத்தெட்டாம் கட்டத்தில் முதல் குண்டு.
அருளாந்தின் தோள் ஒரு விரற்கடை பின்வாங்குகிறது.
தொண்ணூற்றைந்தில் இரண்டாவது.
அதை எண்ணால் மட்டும் குறித்துக்கொண்டேன்:
பத்து கிராம் ஈயம், நாலரைக் கிலோ மனிதன்.

கமிஷன் போட்ட கணக்கு எளிது.
நடுவே முப்பத்தேழு கட்டம், வினாடிக்குப் பதினாறு,
இரண்டேகால் வினாடி, கொஞ்சம் கூட.
அந்தத் துப்பாக்கியில் போல்ட்டை இழுத்துத் தள்ளிக் குறி பார்க்க
போலீஸின் தேர்ந்த கைக்கே இரண்டரைக்கு மேல் ஆயிற்று.
ஆகவே இரண்டு துப்பாக்கி. ஆகவே இரண்டு பேர்.
ஆகவே லாட்ஜ் மாடியில்
தையல் மெஷினோடு உட்கார்ந்திருந்த சவரிமுத்து.
பதின்மூன்று வருஷம், கோவை ஜெயில்.

கேமராவைச் சோதித்தது மெட்ராஸில்.
மே மாதத்தில்.
படித்ததும் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

எங்கள் ஊரில் மார்கழியில்
தேங்காயெண்ணெய் புட்டிக்குள் வெள்ளைக் கல்லாய் நிற்கும்.
ரேஸ் கோர்ஸ் புல் காலடியில் நொறுங்கும்.
சாவி கொடுத்து ஓடும் கேமராவின் மசகுக்கு மட்டும்
மெட்ராஸ் வெயில் எங்கிருந்து வந்திருக்கும்?

படத்துக்குள்ளேயே ஒரு கடிகாரம் தேடினேன்.
கொடி ஆடுவது காற்றின் இஷ்டம்.
ஆள் நடப்பது ஆளின் இஷ்டம்.
இடது ஓரம், டீக்கடைப் பலகை.
ஒரு கை. முழங்கைக்கு மேல் படத்தில் இல்லை.
முதல் வெடிக்கு அதிர்ந்து கிளாஸை விடுகிறது.

விழுவது யார் இஷ்டமும் இல்லை.

கடை இன்னும் இருக்கிறது. போய் அளந்தேன், டீயும் குடித்தேன்.
பலகையிலிருந்து தரைக்கு நூற்றுப்பத்து சென்டிமீட்டர்.
இந்த உயரத்தில் பூமி ஒன்பது புள்ளி ஏழு எட்டால் இழுக்கிறது,
கடலோரத்தைவிட ஒரு நூலிழை கம்மி.
தரை தொட அரை வினாடிக்குச் சற்றுக் குறைவு.
பதினாறில் ஓடியிருந்தால் ஏழெட்டுக் கட்டம் பிடித்திருக்கும்.
பிடித்தது ஆறு.
அரைக் கட்டம் முன்னே தள்ளி, பின்னே தள்ளி,
என் சமையலறையில் ஒன்பது கிளாஸ் உடைத்து
மறுபடி எண்ணினேன்.

ஆறுதான்.
கேமராவைக் குளிர் பிடித்து வைத்திருந்தது.
டப்பாமேல் பதினொன்று, உள்ளே பதினான்கு வினாடி.
இரண்டு குண்டுக்கும் நடுவே ஏறக்குறைய மூன்று.

சுருளைக் கொண்டு வந்தவள் ஃபிலோமினா, சவரிமுத்துவின் மகள்.
வர்க்கி அடுப்பில் வேலை. புருவத்தில் மைதா.
“அப்ப ஒரே ஆளா?”
ஒரு ஆள் போதும் என்றேன்.
“போதும்னா?”
ஒரே ஆள்தான் என்று கிளாஸ் சொல்லவில்லை.
இரண்டாவது ஆள் தேவையில்லை என்கிறது.
அதன் படிப்பு அவ்வளவுதான்.

இன்னொரு தரம் போடச் சொன்னாள்.
அருளாந்தைப் பார்க்கவில்லை.
அப்பா இருந்த மாடி படத்தில் இல்லவே இல்லை.
கை, கிளாஸ், ஆறு கட்டம்.
டீ பரவுவதற்குள் ஆட்கள் குறுக்கே ஓடுகிறார்கள்.

சாட்சிப் பட்டியலில் நாற்பத்தொரு பேர்.
அந்தக் கை அதில் இல்லை.

“கிளாஸுக்குக் காசு குடுத்திருப்பாரா அந்த ஆளு?” என்றாள்.

நூற்று எழுபத்தாறுக்குப் பிறகு வெறும் வெள்ளை.
நான் ஸ்விட்சைத் தேடும்வரை
சுருளின் வால் தட் தட்டென்று
மேஜையை அடித்துக்கொண்டிருந்தது.